எந்தக் கோலால் அளந்தது?

போன பொங்கலுக்கு அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். பெயர் வேண்டாம். "உங்க பதிவுல என்னை இழுக்காதீங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டாள். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு நான்காம் ஆண்டு. ஆராய்ச்சி, பெரோவ்ஸ்கைட் என்ற பொருளில் செய்யும் சூரிய மின்கலங்கள்.

மாட்டுப் பொங்கலன்று மாலை இருவரும் கோயில் பக்கம் நடந்தோம். எங்கள் குன்றாண்டார்கோவிலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். குன்றைக் குடைந்த சிவன் கோயில். முன்னால் தேர் வடிவில் மண்டபம்; கல்லில் சக்கரமும் உண்டு, இழுக்கும் குதிரையும் உண்டு. அங்கே உட்கார்ந்ததும் அவள் முகம் வாடியிருந்ததற்குக் காரணம் சொன்னாள். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது.

அவள் செய்த மெல்லிய படலத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை 'குறைகள்' இருக்கின்றன என்று அளந்திருக்கிறாள். வந்த விடை சுமார் 100 கோடி கோடி. ஒன்றுக்குப் பின் 16 சுழியம். இதே பொருளில் தனிப்படிகம் வளர்த்தவர்கள் வெளியிட்ட எண்ணோ 100 கோடியிலிருந்து 1000 கோடிக்குள். உங்கள் பொருள் பத்து லட்சம் மடங்கு மோசமாக இருக்கிறதே, என்ன காரணம் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"பத்து லட்சம் மடங்கு மோசமா இருந்தா, என் மின்கலம் இவ்வளவு நல்லா வேலை செய்யுமா சித்தப்பா?" என்றாள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். குறைக்கடத்தி பாடத்தில் மாசு கலப்பதைச் சொல்வேன், பி-என் சந்தியைச் சொல்வேன். படிகத்தில் குறை இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுவேன். அந்த ஒரு வரிதான் இவள் வாழ்க்கையில் நான்கு ஆண்டு. வெட்கமாக இருந்தது. அவள் போன பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்த வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

முதலில் குறை என்றால் என்ன? படிகத்தில் அணுக்கள் வரிசை தவறாமல் நிற்க வேண்டும். எங்காவது ஓர் அணு இல்லாமல் இடம் காலியாக இருக்கும். எங்காவது ஒன்று வரிசைக்கு நடுவில் செருகி நிற்கும். எங்காவது வேற்று அணு உட்கார்ந்திருக்கும். வெயில் பட்டதும் படிகத்தில் ஓர் எலக்ட்ரான் கிளம்பும், அது விட்டுவந்த இடம் ஒரு துளையாக நிற்கும். இரண்டும் ஆளுக்கொரு முனைக்குப் போய்ச் சேர்ந்தால் நமக்கு மின்சாரம். வழியில் ஒரு குறை எலக்ட்ரானைப் பிடித்துவைத்து, துளையையும் பிடித்து, இரண்டையும் அங்கேயே சேர்த்துவிட்டால் வந்த வெயில் வெறும் சூடாகப் போகும். இது எப்படி நடக்கிறது என்று 1952இல் அமெரிக்காவில் ஷாக்லியும் ரீடும் ஒரு பக்கம், ஹால் இன்னொரு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதனால்தான் குறைகளுக்குப் 'பொறி' என்ற பெயரும் உண்டு, எலிப்பொறி மாதிரி.

பொறியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது இருப்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் வெகு முன்பே இருந்தார்கள். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்ற காரீய சல்பைடு படிகத்தில் ஓர் உலோக முனையைத் தொடவைத்து மின்னலைகளைக் கண்டறியும் கருவி செய்தார். 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் அந்தக் கலீனாவை வைத்துப் படிக வானொலி கேட்டவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மெல்லிய கம்பி முனையைப் படிகத்தின் மேல் இங்கே அங்கே நகர்த்தி, 'பேசும் இடம்' எங்கே என்று தேடுவார்கள். என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அப்படித் தேடிக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரே கல், ஓர் இடம் பேசும், பக்கத்து இடம் ஊமை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் படிகம் உள்ளே ஒன்றுபோல இல்லை. ஏன் என்று அன்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

எண்ணுவதற்கு வழி பிறந்தது 1940க்குப் பிறகு. அந்த ஆண்டு மாட், கர்னி என்ற இருவர் அயனிப் படிகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்களை வலிய செலுத்தினால், உள்ளே தேங்கும் மின்னூட்டமே பின்னால் வருவதைத் தடுக்கும் என்று அதில் காட்டினார்கள். 1955இல் ஆல்பர்ட் ரோஸும் 1956இல் மர்ரே லாம்பர்ட்டும் இதில் பொறிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இருவரும் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தவர்கள்.

புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கோடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வந்து மடையைத் திறக்கிறோம். கடைசி வயலுக்கு உடனே தண்ணீர் வருமா? வராது. வாய்க்காலில் உள்ள வெடிப்பும் பள்ளமும் முதல் தண்ணீரைக் குடிக்கும். எல்லாம் நிரம்பிய பிறகு திடீரென்று கடைமடை வரை ஓடும். எவ்வளவு தண்ணீர் விட்ட பிறகு ஓடத் தொடங்கியது என்று தெரிந்தால், வாய்க்காலில் எவ்வளவு பள்ளம் என்று சொல்லிவிடலாம். படிகத்திலும் அப்படித்தான். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். பொறிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். அந்த மின்னழுத்தத்திலிருந்து பொறிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

1974இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டி.வி. லாங் இன்னொரு வழி கண்டுபிடித்தார். பொறிகளை ஒரு மின்துடிப்பால் நிரப்பிவிட்டு, அவை எலக்ட்ரான்களை எவ்வளவு நேரத்தில் வெளியே விடுகின்றன என்று பார்ப்பது. எலக்ட்ரான்கள் வெளியேற வெளியேற மாதிரியின் மின்தேக்குத்திறன் மாறும். சூட்டை ஏற்றினால் வெளியேற்றம் வேகமாகும். எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்பதை வைத்துப் பொறி எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். சிலிக்கானில் பெரிய கூட்டத்துக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒருசில குறைகளையும் இது காட்டிக்கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அளந்துகொண்டிருக்கும்போது பொருள் மாறாமல் நிற்க வேண்டும். சிலிக்கான் நிற்கும்.

இப்போது பெரோவ்ஸ்கைட்டுக்கு வருவோம். 1839இல் ரஷ்யாவின் உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ், பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் பெயரை அதற்கு வைத்தார். அதே அணு அடுக்கு உள்ள எல்லாப் பொருளுக்கும் இன்று அதுதான் குடும்பப் பெயர். மின்கலத்துக்குப் பயன்படுவது காரீயமும் அயோடினும் மெத்தில் அம்மோனியம் என்ற கரிமத் துண்டும் சேர்ந்த வகை. ஜெர்மனியின் டீட்டர் வெபர் 1978இல் இதைப் பற்றி எழுதினார். முப்பது ஆண்டு கழித்து, 2009இல், ஜப்பானில் மியாசகாவின் குழு இதை வைத்து மின்கலம் செய்தது. திறன் 3.8 விழுக்காடு. 2012இல் 10 விழுக்காட்டைத் தொட்டது. இன்று ஆய்வுக்கூடச் சிறு கலங்களில் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் இந்த உயரத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இதில் வியப்பு என்னவென்றால், சிலிக்கானை 1400 டிகிரிக்கு மேல் உருக்கி அணு அணுவாகச் சுத்தம் செய்ய வேண்டும். பெரோவ்ஸ்கைட்டையோ கரைசலாகக் கலக்கி, தட்டில் ஊற்றிச் சுழற்றி, சுமார் 100 டிகிரியில் காயவைத்தால் போதும். தோசை ஊற்றுவது மாதிரி என்று அண்ணன் மகள் சொல்வாள். அப்படிச் செய்த பொருளில் குறைகள் மலிந்திருக்க வேண்டாமா? இருந்தும் மின்கலம் நன்றாக வேலை செய்கிறதே! அப்படியானால் உள்ளே குறைகள் எத்தனை? உலகம் முழுவதும் அளக்கத் தொடங்கினார்கள். ரோஸும் லாம்பர்ட்டும் காட்டிய மின்னழுத்த முறை எளிது, செலவும் குறைவு. ஆகவே அதையே பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

2015 ஜனவரியில் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்திலிருந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரிய தனிப்படிகமாக வளர்த்த பெரோவ்ஸ்கைட்டில் கன சென்டிமீட்டருக்கு 100 கோடி முதல் 1000 கோடி வரைதான் பொறிகள் என்றது. படலங்களில் அளந்தவர்களுக்கோ 10 கோடி கோடி, 100 கோடி கோடி என்று வந்துகொண்டிருந்தது. விளக்கம் கையில் தயாராக இருந்தது: படலம் என்பது பொடிமணிகள் ஒட்டிய பரப்பு, மணிக்கும் மணிக்கும் நடுவே எல்லைகள் உண்டு, அங்கேதான் குறைகள். கேட்க நியாயமாக இருந்தது. நானும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் காலை, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்த்தேன். பொறிகளின் எண்ணிக்கை வேண்டுமானால், மின்னோட்டம் எகிறிய மின்னழுத்தத்தையும் பொருளின் மின்விடுதிறனையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, எலக்ட்ரானின் மின்னூட்டத்தாலும் மாதிரியின் தடிமனின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். அந்த வர்க்கத்தில்தான் என் பேனா நின்றது.

படலத்தின் தடிமன் அரை மைக்ரான் என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. படிகம் இரண்டு மில்லிமீட்டர். படிகம் 4,000 மடங்கு தடிமன். அதன் வர்க்கம் 1 கோடியே 60 லட்சம். இரண்டிலும் ஒரே மின்னழுத்தத்தில், ஒரு வோல்ட்டில், மின்னோட்டம் எகிறுகிறது என்று கொள்வோம். மின்காப்பு மாறிலியை 25 என்று போட்டேன். படலத்துக்கு விடை 110 கோடி கோடி. படிகத்துக்கு விடை சுமார் 69 கோடி. அளவுமானியில் வந்த எண் ஒன்றேதான். வித்தியாசம் முழுவதும் தடிமனிலிருந்து வந்தது!

அடுத்து இன்னொரு கணக்கு. படலத்தில் உண்மையாகவே 1000 கோடி பொறிகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை நிரம்ப எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதுவும் முழுதாக வேண்டாம். நம் அறையில் இருக்கும் சாதாரண வெப்பமே எலக்ட்ரான்களைச் சுமார் 0.025 வோல்ட்டுக்குச் சமமாக ஆட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய ஒன்றை எப்படிப் பார்ப்பது? திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது போலத்தான்.

மறுபடியும் வாய்க்காலுக்கு வாருங்கள். பள்ளமே இல்லாமல் சிமெண்டு பூசிய வாய்க்காலாக இருந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் வாய்க்காலே கொஞ்சம் தண்ணீர் கொள்ளும் அல்லவா? பள்ளங்கள் கொள்வது அதைவிடக் குறைவாக இருந்தால், நீங்கள் அளந்தது வாய்க்காலைத்தான், பள்ளத்தை அல்ல. மெல்லிய படலத்தில் இதுதான் நடக்கிறது. இரு முனையிலும் உள்ள மின்வாய்களிலிருந்து கசிந்து நுழையும் மின்னூட்டமே பொறிகள் கொள்வதைவிட அதிகம்.

ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டு, இதையே தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள் என்று சொன்னாள். ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் யொஹன்னா சீக்மன், சந்தீப் ரவிசங்கர், தாமஸ் கிர்ஷார்ட்ஸ் ஆகிய மூவரும் 2021இல் எழுதிய கட்டுரை. பலர் வெளியிட்ட பொறி எண்ணிக்கைகளைச் சேர்த்து, மாதிரியின் தடிமனோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தடிமன் ஏற ஏற எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் அவர்கள் தலைப்பிலேயே 'தோற்றமளிக்கும் குறை அடர்த்தி' என்ற பொருளில் எழுதிவிட்டார்கள்.

அதற்குச் சற்று முன்பே இதே பிரச்சினை வேறு வடிவில் வந்திருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் ஜின்சாங் ஹுவாங்கின் குழு, மின்தேக்குத்திறனை வைத்துப் பொறிகள் மேற்பரப்பில் எத்தனை, நடுவில் எத்தனை என்று வரைபடமே போட்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 2021இல் ரவிசங்கர், உனோல்ட், கிர்ஷார்ட்ஸ் மூவரும் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். நீங்கள் கண்டதில் பெரும்பகுதி கலத்தின் சொந்த மின்தேக்குத்திறன், பொறி அல்ல என்பது அவர்கள் வாதம். ஹுவாங் குழுவும் தங்கள் அளவீடு சரியே என்று பதில் எழுதியது. இரு பக்கமும் தெரிந்தவர்கள். யார் மீதும் குற்றம் இல்லை. அளவுகோல் எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்ற வழக்கு அது.

பெரோவ்ஸ்கைட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதற்குள் அயோடின் அயனிகள் இடம்பெயர்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் மெதுவாக நகர்ந்து ஒரு பக்கம் குவியும். பள்ளத்தை அளக்கத் தண்ணீர் விட்டால், வாய்க்காலின் மண்ணே கரைந்து நகர்வது போல. லாங் சொன்ன முறைக்குத் தேவையான அந்த அசையாமை இங்கே இல்லை. மெதுவாக வரும் ஒரு சமிக்ஞை பொறியிலிருந்து எலக்ட்ரான் வெளியேறியதா, அயனி நகர்ந்ததா என்று பிரிப்பது கடினம். 2020இல் ஆக்ஸ்போர்டுக்காரர்கள் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து கொடுக்காமல், அயனிகள் நகர நேரமில்லாதபடி சிறுசிறு துடிப்புகளாகக் கொடுத்து அளக்கலாம் என்று காட்டினார்கள்.

மின்சாரமே செலுத்தாமல் அளக்கவும் வழி இருக்கிறது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைப் பொருளுக்குள் விடுவது. அணு இல்லாத காலியிடம் கிடைத்தால் பாசிட்ரான் அங்கே தங்கி, கொஞ்சம் அதிக நேரம் உயிரோடு இருந்து அழியும். அந்த ஆயுளை வைத்துக் காலியிடத்தை அறியலாம். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்களின் குறைகளை இம்முறையில் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். பெரோவ்ஸ்கைட்டில் இதைச் செய்த கீபிள் குழு 2021இல் காரீய அணு இல்லாத காலியிடங்களைக் கண்டது. கன சென்டிமீட்டருக்குக் குறைந்தது 30 கோடி கோடி. காலியிடம் எல்லாமே எலக்ட்ரானைப் பிடிக்கும் பொறியாக வேண்டும் என்பதில்லை. எனவே இது முந்திய எண்களைப் பொய்யாக்கவில்லை. ஆனால் 'குறை' என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை எண்ணுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஒரு சுழியம் கூடக்குறைய இருந்தால் என்ன என்று தோன்றலாம். இந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் ஏதோ ஒரு பொடியைக் கரைசலில் கலந்துவிட்டு, குறை பாதியாகக் குறைந்தது என்று எழுதுகிறார். அதைப் பார்த்து இன்னொரு மாணவர் இரண்டு ஆண்டு அதே பொடியோடு போராடுகிறார். அளவுகோலின் எல்லைக்குள் நடந்த மாற்றத்தைப் பொருளின் மாற்றம் என்று நினைத்தால் வீணாவது அந்த இளம் வயது. மொட்டைமாடியில் இருபது ஆண்டு வெயில் தாங்க வேண்டிய பொருள் இது. அது ஏன் கெடுகிறது என்று தெரிய வேண்டுமானால் குறையைச் சரியாக எண்ணியாக வேண்டும்.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய கல்வெட்டுகளில் இத்தனை குழி நிலம் தானம் என்று வரும்போது, பன்னிரு சாண் கோலா, பதினாறு சாண் கோலா என்பதையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். சில கோயில்களில் கோலின் நீளத்தையே சுவரில் கோடாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் சேர்ந்தது ஒரு குழி. எனவே கோல் மாறினால் குழி வர்க்கத்தில் மாறும். பதினாறு சாண் கோலில் 100 குழி நிலம், பன்னிரு சாண் கோலில் சுமார் 178 குழி. நிலம் அதேதான். கோலைச் சொல்லாமல் குழியை மட்டும் சொன்னால் வழக்குதான் மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நெல்லுக்கும் அப்படியே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்று பெயர் சொல்லியே எழுதுகின்றன.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நான் அளந்தது தப்பில்லையா?" என்று கேட்டாள். தப்பில்லை, ஆனால் நீ எழுதிய வாக்கியம் தப்பு என்றேன். 'என் படலத்தில் 100 கோடி கோடி பொறிகள் உள்ளன' என்று எழுதியிருக்கக் கூடாது. 'அரை மைக்ரான் தடிமனில், இந்த முறையில், இதற்கு மேல் பொறிகள் இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். முதல் வாக்கியம் பொருளைப் பழிக்கிறது. இரண்டாவது அளவுகோலின் எல்லையைச் சொல்கிறது.

மாசியில் தொலைபேசியில் பேசினாள். கட்டுரையைத் திருத்தி, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் தடிமனைப் போட்டு, இதே கலவையில் நான்கு தடிமனில் படலம் செய்து அளந்து, தடிமனோடு எண் எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடமும் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பியிருக்கிறாளாம். பதில் இன்னும் வரவில்லை.

முப்பது ஆண்டுகளாகச் செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் அலகு எழுதாமல் விட்டால் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். எந்தக் கருவியால், எந்த எல்லைக்குள் அளந்தாய் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இனி யாரையும் கேட்க எனக்கு வகுப்பு இல்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், கேட்டுப் பாருங்கள்.